யாழின் பெயரால் அறியப்பட்டவர்: திருநீலகண்ட யாழ்ப்பாணர்

சிவன் கோயில்களின் சுற்றுப் பிராகாரத்தில் அறுபத்து மூவர் வரிசையாக நிற்பதை நாம் பார்த்திருப்போம். அவர்களுள் கையில் யாழுடன் நிற்பவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். இந்தப் பெயரைச் சற்றுப் பிரித்துப் பார்ப்போம். நீலகண்டம் என்பது அவர் வழிபட்ட இறைவனின் பெயர். யாழ் அவருடைய கருவி. பாணர் அவர் பிறந்த குடி. எட்டாம் நூற்றாண்டுச் சுந்தரர் தம் தொண்டர் பட்டியலில் நீலகண்டத்துப் பாணர் என்ற அளவிலேயே அவரைச் சுட்டுகிறார். தெய்வத்தையும் தொழிலையும் குடியையும் நீக்கிவிட்டால் அம்மனிதருக்கென்று அந்தப் பெயரில் ஓர் எழுத்தும் எஞ்சுவதில்லை. அவருடைய வாழ்க்கையை நாம் இங்கே மீண்டும் சொல்ல முற்படுவது பக்திக்காக அன்று. ஒரு கருவியை இசைத்தவர்களுக்கு இச்சமூகம் இட்ட பெயர்கள் அவர்களை எங்கே நிறுத்தின என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வாழ்க்கை வேறொன்று தமிழில் இல்லை.

முதலில் சொற்கள். தொல்காப்பியம் நிலத்துக்குரிய கருப்பொருள்களை அடுக்கும்போது தெய்வம், உணவு, மரம், புள் ஆகியவற்றோடு பறையையும் யாழையும் ஒரே பட்டியலில் வைக்கிறது. ஐந்நிலத்துக்கும் தனித்தனிப் பறை உண்டு, தனித்தனி யாழும் உண்டு. அங்கே ஒன்று உயர்ந்தது, மற்றொன்று தாழ்ந்தது என்ற பேச்சே இல்லை. சங்க நூல்களில் இசைப்போரின் பெயர்கள் பெரும்பாலும் கருவியிலிருந்தே பிறக்கின்றன. துடி கொட்டியவர் துடியர், பறை அறைந்தவர் பறையர், கிணை முழக்கியவர் கிணைப்பொருநர், வயிர் என்னும் ஊதுகொம்பை ஊதியவர் வயிரியர். பண்ணிலிருந்து பாணர் பிறந்தார். அவர்களுள்ளும் சிறிய யாழை உடையவர் சிறுபாணர், பெரிய யாழை உடையவர் பெரும்பாணர் என்று உரைகாரர்கள் பிரித்தார்கள். மாங்குடி கிழார் பாடியதாக வரும் புறநானூற்று 335ஆம் பாடல் துடியன், பாணன், பறையன், கடம்பன் என்னும் நால்வரைத் தவிர வேறு குடி இல்லை என்ற பொருள்படப் பேசுகிறது. நால்வரில் மூவர் ஐயத்துக்கு இடமின்றி இசைக்கருவிகளோடு தொடர்புடையவர்கள்.

அக்காலத்தை ஒரு பொற்காலமாக வரைந்துகொள்ளும் அவசரம் நமக்கு வேண்டாம். அதே புறநானூற்றில் போர்க்களத்துத் துடிகொட்டியைப் புலையன் என்றும் அவனோடு நிற்பவனை இழிசினன் என்றும் விளிக்கும் பாடலும் இருக்கிறது. ஆயினும் பாணர் மன்னனோடு ஒன்றாக அமர்ந்து உண்டார்கள், கள் பருகினார்கள், பொற்றாமரை பரிசு பெற்றார்கள். வள்ளல்களின் சிற்றரசுகள் அழிந்தபோது அந்தப் புரவலும் அழிந்தது. ஐங்குறுநூற்றிலேயே பாண்மகள் மீன் விற்கிறாள். பின்வந்த நூற்றாண்டுகளில் இசைக்கு மிச்சமிருந்த பெரிய புரவலர் கோயில் ஒன்றுதான். அந்தக் கோயிலின் வாயிலில்தான் நம் யாழ்ப்பாணரைச் சந்திக்கிறோம்.

அவர் வாழ்ந்தது ஏழாம் நூற்றாண்டு. அவருடைய வரலாற்றை விரிவாகச் சொல்லும் சேக்கிழார் வாழ்ந்ததோ பன்னிரண்டாம் நூற்றாண்டு, இரண்டாம் குலோத்துங்கனின் காலம். இடையே ஐந்நூறு ஆண்டுகள். ஆகவே பெரியபுராணத்தில் நாம் காண்பது ஏழாம் நூற்றாண்டின் நேர்ச்சாட்சி ஆகாது. சோழப் பேரரசின் உயர் அலுவலர் ஒருவர், தம் காலத்துக் கோயிலின் எல்லைகளை நன்கு அறிந்தவர், ஒரு பாணரைக் கோயிலுக்குள் கொண்டுவர என்னென்ன செய்ய வேண்டியிருந்தது என்பதன் பதிவாகவே அதை நாம் வாசிக்க வேண்டும். அப்படி வாசித்தால் அது மதிப்புக் குறைவதில்லை, கூடுகிறது.

யாழ்ப்பாணரின் ஊர் திருஎருக்கத்தம்புலியூர். இன்றைய கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலத்துக்கு அருகிலுள்ள இராஜேந்திரப்பட்டினம் அதுவே. மனைவி மதங்கசூளாமணியார். அவரும் இசையில் வல்லவர். அவர் பாட இவர் யாழ் இசைப்பார். மதங்கசூளாமணி என்பதற்கு மதங்கரின் முடிமணி என்று பொருள். நிகண்டுகளில் மதங்கர் என்பது பாணரைக் குறிக்கும் பெயர்களுள் ஒன்று. வடமொழியில் மாதங்கர் என்ற சொல்லுக்குச் சண்டாளர் என்ற பொருள் உண்டு. மராட்டிய நிலத்தில் மாங் அல்லது மாதங் என்று அழைக்கப்படும் தலித் சமூகத்தார் ஹல்கி என்னும் பறைக்கருவியை இசைப்பதில் பெயர்பெற்றவர்கள். இச்சொற்களின் உறவை மொழியியலார் முடிவு செய்யட்டும். இசைக்கும் இழிவுக்கும் ஒரே ஒலியுடைய சொல் வழங்கியது என்பது மட்டும் நம் கண்ணில் படுகிறது. மட்டக்களப்புப் பகுதியில் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1926இல் வெளியிட்ட நாடக ஆய்வு நூலுக்கு மதங்கசூளாமணி என்று பெயரிட்டார் என்பதை இங்கே ஒரு நல்ல செய்தியாக நினைவுகூரலாம். 1947இல் யாழ்நூல் எழுதி, வழக்கொழிந்துபோன அக்கருவியின் அமைப்பையும் நரம்புகளையும் சுருதிகளையும் கணக்கிட்டு மீட்க முயன்றவரும் அவரே.

சோழநாட்டுத் தலங்களில் யாழிசைத்த பின் கணவனும் மனைவியும் மதுரைக்குச் சென்றார்கள். ஆலவாய்க் கோயிலின் வாயிலில் நின்று இசைத்தார்கள். உள்ளே செல்லவில்லை. ஏன் செல்லவில்லை என்று சேக்கிழார் விளக்குவதில்லை. கேட்போர் அனைவருக்கும் அது தெரிந்திருந்தது. இரவில் இறைவன் தம் தொண்டர்களின் கனவில் தோன்றி, பாணரை உள்ளே அழைத்துவரப் பணித்தார். மறுநாள் அழைத்துவந்தார்கள். அவர் தரையில் அமர்ந்து இசைக்கத் தொடங்கினார். அப்போது வானில் ஒரு குரல் எழுந்தது. தரையின் ஈரம் தாக்கினால் யாழின் நரம்பு தளரும், ஆகவே ஒரு பலகை இடுங்கள் என்றது. பொற்பலகை இடப்பட்டது. அவர் அதன்மேல் ஏறி இசைத்தார்.

இந்த நிகழ்ச்சியை நாம் பலமுறை வாசித்திருக்கிறோம். பொற்பலகை என்ற சொல்லின் ஒளியில் ஒன்றைக் கவனிக்கத் தவறிவிடுகிறோம். வானத்துக் குரல் கவலைப்பட்டது யாழைப் பற்றி. பாணர் ஈரத்தில் அமர்ந்திருக்கிறார் என்று அது சொல்லவில்லை, நரம்பு தளரும் என்றுதான் சொன்னது. கருவிக்கு இடப்பட்ட ஆசனத்தில் கருவியோடு சேர்ந்து மனிதரும் ஏறினார்.

அந்த நரம்பு எங்கிருந்து வந்தது என்பதையும் சேக்கிழாரே வேறோரிடத்தில் சொல்லியிருக்கிறார். ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்த நந்தனார், கோயில்களின் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுத்துவந்தார். ஆக, நரம்பைத் திரித்துக் கொடுத்தவர் வாயிலுக்கு வெளியே. அதை மீட்டியவரும் வாயிலுக்கு வெளியே. நரம்பு மட்டும் கருவறை அருகே சென்றுகொண்டிருந்தது.

மதுரையிலிருந்து திருவாரூர். அங்கும் வாயிலில் நின்றே இசைத்தார். அங்கே இறைவன் செய்தது இன்னும் விந்தையானது. வடதிசையில் வேறொரு வாயிலை வகுத்து அதன் வழியே அவரை உள்ளே வரச் செய்தார். இருக்கின்ற வாயில் திறந்தே இருந்தது. அதன் வழியே அழைப்பதைவிடப் புதிதாக ஒரு வாயிலைப் படைப்பது இறைவனுக்கே எளிதாக இருந்திருக்கிறது. தனி வாயில், தனிக் குவளை, தனிச் சுடுகாடு என்று வாழ்ந்து பழகிய நமக்கு இந்தக் கதையைக் கேட்டு வியப்பு எழுவதில்லை. வியப்பெல்லாம் அதை அருளின் அடையாளமாக மட்டும் சொல்லிக் கடந்துபோகும் உரையாசிரியர்களைப் பற்றித்தான்.

பிறகு சீகாழிக்குச் சென்று ஞானசம்பந்தரைக் கண்டார். சம்பந்தர் அந்தணச் சிறுவர், யாழ்ப்பாணர் வயதில் மூத்தவர். சம்பந்தர் அவரை ஐயர் என்ற மதிப்புச் சொல்லால் விளிப்பதாகச் சேக்கிழார் எழுதுகிறார். இந்த விளி சிறிய செய்தியன்று. பெரியபுராணத்தில் ஒரு பாணருக்கு அச்சொல் கிடைத்தது என்பதை நாம் பெருமதிப்புடன் குறித்துக்கொள்கிறோம். அதே இடத்தில், சம்பந்தர் அவரை அழைத்துச் சென்று வணங்கச் செய்தது கோயிலின் புறமுன்றிலில் என்பதையும் குறித்துக்கொள்கிறோம். சொல் உள்ளே அழைத்தது, முற்றம் வெளியே நிறுத்தியது.

அன்றுமுதல் சம்பந்தரின் பதிகங்களை யாழில் இசைப்பது அவர் பணியாயிற்று. தலம் தலமாக உடன் நடந்தார். சாத்தமங்கையில் திருநீலநக்கர் என்னும் அந்தணரின் வீட்டில் தங்க நேர்ந்தது. இரவில் பாணரும் மனைவியும் படுப்பதற்கு இடம் தருமாறு சம்பந்தர் கேட்டார். நீலநக்கர் வீட்டின் நடுவே, வேள்வித் தீ வளரும் வேதிகையின் அருகில் இடம் கொடுத்தார். தீ அணையவில்லை, வலமாகச் சுழன்று ஓங்கி எரிந்தது என்கிறது புராணம். அவருடைய வாழ்க்கை முழுவதிலும் புது வாயிலும் பொற்பலகையும் வானத்துக் குரலும் இன்றி ஒரு மனிதர் மற்றொரு மனிதருக்குத் தம் வீட்டில் இடம் கொடுத்த நிகழ்ச்சி இதுவொன்றே. கோயிலைவிட வீடு முன்னே சென்றிருக்கிறது. நீலநக்கரை நாம் இன்னும் அதிகமாகப் பேசலாம்.

இனித் தருமபுரம். இது யாழ்ப்பாணரின் தாய் பிறந்த ஊர். உறவினர்கள் திரண்டு வந்து வரவேற்றார்கள். சம்பந்தரின் பதிகங்கள் உலகெங்கும் பரவுவது நீர் அவற்றை யாழில் இட்டு இசைப்பதால்தான் என்று பெருமையோடு சொன்னார்கள். யாழ்ப்பாணர் நடுங்கிப்போனார். யாழில் அடங்காத ஒரு பதிகத்தைப் பாடியருள வேண்டுமென்று சம்பந்தரிடம் வேண்டினார். சம்பந்தர் பாடினார். யாழ் தோற்றது. அந்தக் கருவியால்தானே இத்தவறு நேர்ந்தது என்று அதை உடைக்க ஓங்கினார். சம்பந்தர் தடுத்து, யாழைத் தம் கையில் வாங்கி, கருவியில் முடிந்த அளவே இசைத்தால் போதும் என்று தேற்றித் திருப்பிக் கொடுத்தார். அப்பதிகம் யாழ்மூரி எனப் பெயர்பெற்றது. யாழை முறித்ததால் வந்த பெயர் என்பார்கள் ஒரு சாரார். மூரி என்பது ஓர் இசைப்பா வகையின் பெயர் என்பாரும் உண்டு. ஓதுவார்கள் இன்று அதை அடாணா இராகத்தில் பாடுகிறார்கள்.

மேடைகளில் இக்கதை கருவியைக் குரல் வென்ற கதையாகவும் பணிவின் பாடமாகவும் சொல்லப்படுகிறது. நாம் அந்த உறவினர்களின் பக்கம் சற்று நிற்போம். அவருடைய வரலாறு முழுவதிலும் பாணர் சமூகம் தன் வாயால் பேசும் இடம் இது ஒன்றுதான். அவர்கள் என்ன பிழை செய்தார்கள்? பாடலின் புகழில் இசைத்தவருக்கும் பங்குண்டு என்றார்கள். இன்று எந்தக் கச்சேரியிலும் பக்கவாத்தியக் கலைஞர் கேட்கக்கூடிய நியாயம் அது. அந்த நியாயத்துக்குக் கிடைத்த விடை, கருவியை உடைக்க ஓங்கிய கை. உழைத்தவரின் உறவினர் உரிமை பேசியபோது உழைத்தவரே அஞ்சி மன்னிப்புக் கேட்கும் காட்சி நமக்குப் புதிதன்று.

சம்பந்தரின் திருமணம் நல்லூர்ப்பெருமணத்தில் நடந்தது. இன்று அது ஆச்சாள்புரம். அங்கே எழுந்த சோதியில் சம்பந்தரோடு நீலநக்கரும் முருக நாயனாரும் கலந்தார்கள், யாழ்ப்பாணரும் மதங்கசூளாமணியாரும் கலந்தார்கள் என்று புராணம் முடிகிறது. அந்தச் சோதிக்குத் தனி வாயில் இருந்ததாகச் சேக்கிழார் சொல்லவில்லை.

அவருக்குப் பின் அச்சொல்லுக்கு என்ன நேர்ந்தது? பாணர் அனைவரும் ஒரே நாளில் கோயிலிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள் என்று எழுதினால் அது உண்மைக்குப் புறம்பாகும். திருவிடைமருதூர்க் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டு ஒன்று, இறைவன் முன் பாடவும் தேவரடியாரைப் பாடுவிக்கவும் பாணர் ஒருவர் அமர்த்தப்பட்டதைச் சொல்கிறது. இதை முன்வைத்து, பாணர் தீண்டத்தகாதவராகக் கருதப்பட்டார் என்பது பிற்காலப் புராணங்கள் வரைந்த சித்திரம் என்று வாதிடும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். அவ்வாதம் நம் கேள்வியை மாற்றுவதில்லை, கூர்மையாக்குகிறது. கோயிலுக்குள் உரிமை பெற்றிருந்த ஒரு குடியைக்கூட வாயிலுக்கு வெளியே நிற்பவராகக் கற்பனை செய்வது பன்னிரண்டாம் நூற்றாண்டில் இயல்பாகிவிட்டது என்றாகிறது அல்லவா?

இன்னொரு பக்கம், முதலாம் இராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பிடாரர்களையும், உடன் உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவரையும் அமர்த்தினான். அந்த ஐம்பதின்மரில் யாழுக்கு இடமில்லை. தேவாரம் பாடுவோர் காலப்போக்கில் ஓதுவார் ஆனார்கள். ஓதுவார் என்பது செயலைக் குறிக்கும் பணிப்பெயர், பதவிப்பெயர். பாணரோ குடிப்பெயராக உறைந்து, இசையை இழந்தும் பெயரை இழக்காமல் வாழ்ந்தார். அகராதிகளில் பாணனுக்குத் தையற்காரன் என்ற பொருளும் ஏறியது. கேரளத்தில் பாணர் இன்று பட்டியல் சாதியினர். கர்க்கடக மாதத்து விடியலுக்கு முன் வீடு வீடாகச் சென்று துயிலுணர்த்துப்பாட்டுப் பாடியவர்கள் அவர்கள். கன்னியாகுமரிப் பகுதியிலும் பாணன் என்பது பட்டியல் சாதிப் பெயர்களுள் ஒன்று.

யாழ் அழிந்தது, அதன் பெயர் நாயன்மாராக நிலைத்தது. பறை அழியவில்லை, அதன் பெயரைச் சுமந்தவர்களோ சேரிக்குத் தள்ளப்பட்டார்கள். தொல்காப்பியத்தின் ஒரே பட்டியலில் இருந்த இரு கருவிகள்! பறையர் என்ற சொல் ஐரோப்பிய மொழிகளுக்கு ஏறிச்சென்று ஒதுக்கப்பட்டவர் என்ற பொதுப்பொருளில் இன்றும் உலவுகிறது. அதை உச்சரிக்கும் ஆங்கிலேயருக்கோ பிரெஞ்சுக்காரருக்கோ அச்சொல்லுக்குள் ஒரு தோற்கருவி இருப்பது தெரியாது. எம்.சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தைத் தொடர்ந்து 1922இல் அரசு ஆவணங்களில் அப்பெயருக்கு மாற்றாக ஆதிதிராவிடர் என்பது ஏற்கப்பட்டது. இசையைக் குறித்த ஒரு சொல்லை அரசாணை கொண்டு மாற்ற வேண்டிய அளவுக்கு அது காயமாகியிருந்தது.

இன்று நம் இளைஞர்கள் பறையைத் தோளில் ஏற்றும்போது இதே சிக்கல் திரும்பவும் எழுகிறது. அவர்களை எப்படி அழைப்பது? கோயில் விழா அழைப்பிதழில் நாதசுர வித்துவான், தவில் வித்துவான் என்று அச்சிடுபவர்கள் பறைக்கு வரும்போது செட்டு என்றோ அடிக்கிறவர்கள் என்றோ முடித்துக்கொள்கிறார்கள். தஞ்சைப் பகுதியில் வழங்கும் தப்பு என்ற பெயரைத் தவறு என்னும் பொருளோடு சேர்த்துச் சிரிப்பவர்களும் உண்டு. பறையிசைக் கலைஞர் என்ற தொடரை இயக்கங்கள் வலிந்து பழக்கிவருகின்றன. வித்துவான் என்றே ஏன் எழுதக் கூடாது என்பது நம் கேள்வி. நாயனக்காரர் என்றும் மேளக்காரர் என்றும் ஏக வசனத்தில் விளிக்கப்பட்ட நாதசுரக் கலைஞர்கள் அந்தச் சொல்லைத் தங்களுக்கு உரியதாக்கிக்கொள்ளப் பல பத்தாண்டுகள் போராடினார்கள். மேடையில் அமர்ந்து வாசிப்பதுகூட அவர்களுக்கு எளிதில் கிடைத்த உரிமை அன்று.

யாழ்ப்பாணரின் கதை அவரோடு முடியவில்லை. சம்பந்தர், அப்பர், சுந்தரர் பாடிய ஏடுகள் தில்லையில் பூட்டிய அறையில் செல்லரித்துக் கிடந்தன என்றும், நம்பியாண்டார் நம்பியும் சோழ மன்னனும் அவற்றை மீட்டார்கள் என்றும் திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. சொற்கள் கிடைத்தன. பண்கள் கிடைக்கவில்லை. எந்தப் பதிகத்தை எப்படிப் பாடுவது என்று அந்தணருக்கும் தெரியவில்லை, அரசனுக்கும் தெரியவில்லை. அப்போது எருக்கத்தம்புலியூரில் யாழ்ப்பாணரின் மரபில் வந்த ஒரு பெண்ணுக்கு அவை தெரியும் என்று வாக்குப் பிறந்தது. அவளைத் தில்லைக்கு அழைத்துவந்தார்கள். அவள் பண் பண்ணாகப் பாடிக் காட்டினாள், கட்டளை வகுத்துக் கொடுத்தாள். தேவாரம் மீண்டும் பாட்டானது.

நூல் அதற்குமேல் மன்னனையும் நம்பியையும் பற்றிப் பேசுகிறது. அவள் இன்ன மரபில் பிறந்தவள் என்று அதில் இருக்கிறது, இன்ன ஊர் என்றும் இருக்கிறது. பெயர் இல்லை.